நூல் கோத்த விரல்

மூன்றாவது பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது மடியில் விரிந்திருந்த வெள்ளைக் கோட்டின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. கூரைதான் ஒழுகுகிறதோ என்று அவள் அண்ணாந்து பார்த்தாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பிறகுதான் இடது கை ஆள்காட்டி விரலைத் திருப்பிப் பார்த்தாள். நகத்துக்குச் சற்றுப் பின்னால், கடைசி மூட்டின் மேல் சுற்றியிருந்த பிளாஸ்திரி ஊறிப்போய் ஓரம் கழன்றிருந்தது. அதன் அடியிலிருந்து இன்னொரு சொட்டு திரண்டுகொண்டிருந்தது. பார்க்கத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தாலும் தண்ணீர் மாதிரி ஓடவில்லை. பசை போல இழுபட்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு விழுந்தது.

கடையில் அவளுக்குக் காஜாக்கா என்றுதான் பெயர். பொத்தான் நுழைகிற துளையை வெட்டி, அது பிரியாமலிருக்கச் சுற்றிலும் நூலால் கரை கட்டுகிற வேலைதான் காஜா. அதற்கு எந்திரம் இருக்கிறது. ஆனால் விலை கூடிய கோட்டுகளுக்குக் கையால் எடுத்த காஜாதான் அழகு என்பது மாஸ்டரின் கொள்கை. கடை முதலாளியும் அவர்தான், வெட்டுகிறவரும் அவர்தான். வெளிச்சம் நன்றாக விழும் ஜன்னலோர நாற்காலியைக் காஜாக்காவுக்கென்றே ஒதுக்கியிருந்தார். அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்தால், "எழுந்திரு, அது கடையோட கண்ணு உட்கார்ற இடம்" என்பார். அப்படிச் சொல்லும்போது அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துபோகும். வீட்டில் அவளை அப்படியெல்லாம் யாரும் சொன்னதில்லை.

ஈரத்துணியால் ஒற்றினாள். தேய்த்தால் பரவுமோ என்று பயந்து ஊதிப் பார்த்தாள். காய்ந்ததும் சொட்டு விழுந்த இடம் கஞ்சி போட்ட மாதிரி விறைத்து, ஓரத்தில் மஞ்சள் பாய்ந்து, வட்டமாக நின்றது. மாலையில் கோட்டுக்காரர் வந்து கண்ணாடி முன் போட்டுப் பார்த்தார். அவர் கண் நேராகப் போய் அந்த வட்டத்தில்தான் விழுந்தது.

"இது என்ன மாஸ்டர், எச்சிலா?"

மாஸ்டர் கோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காஜாக்காவின் பிளாஸ்திரியையும் பார்த்தார். அவருக்குத் தெரியாமலில்லை. அவரை விட நன்றாக வேறு யாருக்கும் தெரிந்திருக்கவும் முடியாது.

"மன்னிச்சுக்கங்க சார். நம்ம பொம்பளைங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் கையைக் கழுவிட்டு உட்கார்ற பழக்கம் வரமாட்டேங்குது. அழுக்குக் கையோட துணியைத் தொட்டா இப்படித்தான்."

அழுக்குக் கை. கடையில் இருந்த எல்லோரும் தையலை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. அந்த விரலில் நடந்தது எல்லாம் அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

நடந்தது இதுதான். நகத்துக்குப் பின்னால் ஒரு பட்டாணி அளவில் மினுமினுப்பான புடைப்பு ஒன்று பல மாதங்களாகவே இருந்தது. வலி இல்லை. அதற்கு நேராக நகத்தில் மட்டும் வாய்க்கால் வெட்டியது போல ஒரு பள்ளம் ஓடியது. துணியை அழுத்திப் பிடிக்கும்போது இடைஞ்சல், அவ்வளவுதான். ஒருநாள் மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டார். அந்தக் கடையில் கொப்புளத்துக்கென்று ஒரு வைத்தியம் உண்டு. கத்தரி பிடித்தோ இஸ்திரிப்பெட்டி பட்டோ யாருக்குக் கொப்புளம் வந்தாலும் மாஸ்டர் தன் கையாலேயே ஊசியில் நூல் கோத்து, இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் இழுத்து, நூலை உள்ளேயே விட்டு இரண்டு முனையையும் வெட்டிவிடுவார். நூல் வழியாக நீர் வடிந்துவிடும், தோல் உரியாது, வேலையும் நிற்காது. தன் குருவிடம் கற்றது என்று அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. "ஆஸ்பத்திரிக்குப் போனா அரை நாள் போகும். நம்மகிட்ட அரை நிமிஷம்" என்பார்.

அவருக்குப் பார்வை மங்கல். ஊசியில் நூலை நுழைத்துக் கொடுக்க எப்போதும் காஜாக்காவைத்தான் கூப்பிடுவார். அன்றும் கூப்பிட்டார். தன் விரலுக்குள் போகப்போகிற நூலை அவளே ஈரமாக்கி, முனையைக் கூராக்கி, ஊசிக்காதில் நுழைத்துக் கொடுத்தாள். அவர் குத்தினார். வந்தது கொப்புளத்து நீர் இல்லை. முட்டையின் வெள்ளைக்கரு போல ஒன்று பிதுங்கியது. "பாருங்கய்யா, கண்ணாடி மாதிரி வருது" என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு தன் பணத்தில் அவளுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷன் என்று அவள் வீட்டில் போய்ச் சொன்னாள். நூல் பல நாள் விரலிலேயே இருந்தது. பிறகு தானாக உருவிக்கொண்டது. துளை மட்டும் மூடவில்லை.

வைத்தியம் பார்த்த பெருமை அவருக்கு, கறையான பழி இவளுக்கு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

மறுநாள் அவளைப் பின்னறையில் இஸ்திரி மேசைக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னலோர நாற்காலியில் புதிதாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும், வேலைக்கு வந்த பயம் முகத்தில் எழுதியிருந்தது. அவளைக் கோபித்து என்ன ஆகப்போகிறது? நாற்காலி மேல் கோபப்பட்ட மாதிரிதான்.

தெருமுனை டாக்டரிடம் போனாள். அவர் விரலைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். "தண்ணிதானே வருது, சீழ் இல்லையே" என்று ஒரு களிம்பு எழுதினார். களிம்பு பூசிய இடத்திலிருந்து சொட்டு வந்து களிம்பைத் தள்ளிவிட்டுப் போனது. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், வாரத்துக்கு ஒருமுறை வருவார். அவர் விரலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "விரல்லயே குழாய் போட்டுட்டியா? இனிமே தெருக்குழாய்க்கு நிக்க வேண்டியதில்ல" என்று சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள். சிரித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனவள், குழாயடியில் நின்றபடி, எதற்காகச் சிரித்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அழுக்குத் தண்ணீர் விரலில் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலையில் எழுந்தபோது விரல் மிளகாய்ப்பழம் போலச் சிவந்து வீங்கியிருந்தது. மூட்டை அசைத்தால் தோள் வரை மின்சாரம் பாய்ந்தது. வந்த நீர் கலங்கியிருந்தது.

தங்கை வந்து அள்ளிக்கொண்டு போனாள். தங்கை பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி முன் உட்கார்ந்து வண்டி புறப்படும் நேரம் சொல்கிறவள். வீட்டில் பேசினாலும் நாலாவது நடைமேடைக்குக் கேட்கும். வழி நெடுக, "இத்தனை நாளா வாயைத் தைச்சு வெச்சிருந்தியா? காஜா எடுக்கற கையால வாய்க்கும் காஜா எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பேருந்தில் முன் சீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் கைக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. அங்கே இருந்த டாக்டரம்மா குள்ளமாக, கட்டையாக, தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார். சுற்றிலும் படிக்கிற பிள்ளைகள் ஆறேழு பேர். அவர் விரலைத் தொடுவதற்கு முன் கேட்டார், தொடலாமா என்று. இத்தனை நாளில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். எக்ஸ்ரே படம் எடுத்து வரச்சொல்லி, அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, மூட்டின் ஓரத்தில் எலும்பு முள் போல நீட்டிக்கொண்டிருந்ததைக் காட்டினார்.

"ரெண்டு எலும்பு சேர்ற இடத்துல வழுவழுன்னு எண்ணெய் மாதிரி ஒண்ணு இருக்கும்மா. மூட்டு உரசாம இருக்க அதுதான் காவல். உங்க மூட்டு தேய்ஞ்சு, ஓரத்துல இந்த முள்ளு வளர்ந்திருக்கு. அது மூட்டைச் சுத்தி இருக்கற உறையைக் குத்திக்கிட்டே இருக்க, உள்ளே இருக்கற எண்ணெய் பிதுங்கி தோலுக்கு அடியில பை மாதிரி நின்னுருக்கு. கொப்புளம் மாதிரி தெரியும், ஆனா கொப்புளம் இல்ல. அதோட வேர் மூட்டுக்குள்ள இருக்கு."

"இப்ப ஒழுகுதே டாக்டர்?" என்றாள் தங்கை.

"யாரோ அதுல நூல் கோத்துருக்காங்க. ரெண்டு பக்கமும் தழும்பு இருக்கு பாருங்க. வெறும் ஊசின்னா ஓட்டை அடைஞ்சுருக்கும். நூல் உள்ளேயே கிடந்ததால, அந்த வழியைச் சுத்தித் தோல் வளர்ந்து, மூட்டுல இருந்து வெளிய ஒரு பாதையே நின்னுடுச்சு. உள்ள இருக்கறது வெளிய வருதுன்னா, வெளிய இருக்கற அழுக்கு உள்ள போகாதா? போயிருக்கு. மூட்டுல சீழ் பிடிச்சிருக்கு."

காஜாக்காவுக்கு அது ஒரே நொடியில் விளங்கிவிட்டது. துளையை வெட்டி, சுற்றிலும் கரை கட்டிவிட்டால் அது பிறகு மூடாது. அவள் வாழ்நாளெல்லாம் செய்துவந்த வேலை. அதையே தன் விரலில் எடுத்து வைத்திருந்தார்கள்.

"யாரு கோத்தது?" டாக்டரம்மா கேட்டார்.

தங்கை அவளைப் பார்த்தாள். காஜாக்கா தரையைப் பார்த்தாள். "நானேதான்" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. வாயில் வந்துவிட்டது. கடையில் எது உடைந்தாலும், எது தொலைந்தாலும், யார் செய்ததென்று கேட்டால் முதலில் அவள் வாயில் வருகிற சொல் அதுதான். டாக்டரம்மா பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கங்க. இவங்களே கோத்துக்கிட்டாங்களாம். கைத்தொழில் பண்றவங்க, கைதான் சோறு போடுது, அதுலயே ஊசி குத்தி விளையாடியிருக்காங்க. இந்த அலட்சியத்துக்கு மூட்டே போயிடலாம்." அந்தப் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அழுக்குக் கைக்கு அடுத்து அலட்சியக் கை. வாசலுக்கு வந்ததும் தங்கை பேசவே இல்லை. அவள் பேசாமலிருப்பது எத்தனை பெரிய விஷயம் என்று அக்காவுக்குத் தெரியும்.

அன்றே படுக்கவைத்தார்கள். கையை மட்டும் மரக்கவைத்து, மூட்டைத் திறந்து கழுவினார்கள். நரம்பு வழியாக மருந்து ஏறியது. விரலை அசையாமல் கட்டிவைத்தார்கள். படுக்கையில் கிடந்தபோது அவளுக்கு யோசிக்க வேறு வேலை இல்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேரம் சும்மா கிடந்ததுமில்லை. யோசிக்க யோசிக்கக் கோபம் ஊறியது, விரலில் ஊறியது போலவே, துடைக்கத் துடைக்க. களிம்பு எழுதினவரை நினைத்தாள், குழாய் என்று சிரித்தவரை நினைத்தாள். அவர்களாவது தெரியாமல் செய்தவர்கள். மாஸ்டர் தெரிந்து சொன்னார். அவர் ஊசி குத்தியதற்குக்கூட அவளுக்குக் கோபம் இல்லை, நல்லதென்று நினைத்துக் குத்தினார். கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பிளாஸ்திரியையும் பார்த்துவிட்டு, அழுக்குக் கை என்றாரே, அந்த ஒரு வாக்கியம்தான் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. அதை விழுங்கியது போதாதென்று அவருக்காகப் பொய் வேறு சொல்லியிருக்கிறாள்.

சீழ் அடங்கிய பிறகு இரண்டாவது அறுவை. அந்தப் பாதையை வேரோடு எடுத்து, எலும்பு முள்ளைச் செதுக்கி, பக்கத்துத் தோலைத் திருப்பி மூடுவதாகச் சொன்னார்கள். கைக்கும் முகத்துக்கும் நடுவில் ஒரு பச்சைத்துணி தொங்கியது. அந்தப் பக்கம் டாக்டரம்மா வேலை செய்கிற சின்னச் சத்தங்கள் கேட்டன.

"விரல் மடங்குமா டாக்டர்?"

"மடங்கும். பழைய மாதிரி முழுசா மடங்கும்னு சொல்லி உங்களை ஏமாத்த மாட்டேன்."

"துணியைப் பிடிக்கிற அளவுக்கு?"

"அதுக்குத்தான் பாடுபட்டுக்கிட்டிருக்கேன்."

நூல் இழுபடுகிற மெல்லிய அழுத்தம் மட்டும் எங்கோ தூரத்தில், வேறு யாருடைய கையிலோ போலத் தெரிந்தது. தையல் நெருக்கமாக விழுகிறது என்று அவள் அறிந்தாள்.

"டாக்டர், நான் கோக்கல."

"என்னது?"

"அந்த நூலை நான் கோக்கல. கடையில மாஸ்டர் கோத்தாரு. எல்லாருக்கும் அவர்தான் கோப்பாரு."

துணிக்கு அந்தப் பக்கம் கைகள் நின்றன. "அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி உங்களைத் திட்டினேனே. அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"பழக்கம்" என்றாள் காஜாக்கா.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டது கேட்டது. "திட்டினதுக்கு மன்னிச்சுக்கங்க" என்றார். பிறகு தையலைத் தொடர்ந்துகொண்டே, "அந்த ஆள் இன்னும் கோத்துக்கிட்டுத்தான் இருக்காரா?" என்று கேட்டார்.

மரத்துப்போன கைக்கு மேலே, மரக்காத நெஞ்சில் அந்தக் கேள்வி போய்த் தைத்தது. கோட்டுக்காரர் போய்விட்டார், கறை போய்விடும், இவள் விரலும் ஏதோ ஒரு அளவுக்கு மடங்கும். அந்த ஊசி மட்டும் மாஸ்டரின் மேசையில் குத்தின இடத்திலேயே நிற்கும்.

வீட்டுக்கு அனுப்பும்போது விரலை ஒரு தகட்டில் நேராக நீட்டிக் கட்டியிருந்தார்கள். கையைத் தொங்கவிடக் கூடாது, நெஞ்சுக்கு மேலேயே தூக்கிவைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீங்கும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மற்ற விரல்கள் மடங்கியிருக்க, ஆள்காட்டி விரல் மட்டும் துப்பாக்கி போல முன்னால் நீண்டுகொண்டிருந்தது. பேருந்தில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் இரண்டு நிறுத்தம் பொறுத்துப் பார்த்தார். மூன்றாவதில், "என்னம்மா, நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டுவிட்டார். காஜாக்கா வெட்கப்பட்டுக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாள். தங்கைக்குச் சிரிப்பு தாளவில்லை. பல நாள் கழித்து அன்றைக்குத்தான் அவள் அக்காவோடு பேசினாள்.

"நேரா வீட்டுக்குத்தானே?"

"கடைக்குப் போயிட்டுப் போலாம்" என்றாள் காஜாக்கா.

கடையில் கூட்டம் இருந்தது. அளவு கொடுக்க வந்தவர்கள் இரண்டு பேர் கண்ணாடி முன் நின்றார்கள். மாஸ்டர் அவளைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, "வா வா, வா. சார், இதுதான் நம்ம காஜாக்கா, கடையோட கண்ணு" என்று வாடிக்கையாளரிடம் அறிமுகம் செய்தார். அவருக்கு அந்த வெள்ளைக் கோட்டு நினைவிலேயே இல்லை போலிருந்தது. அதுதான் அவளைச் சுட்டது. அவள் படுக்கையில் கிடந்து புரட்டிப் புரட்டிப் பார்த்த வாக்கியம், அவர் வாயிலிருந்து விழுந்த மறுகணமே காணாமல் போயிருக்கிறது. பேசினவருக்கு மறந்துவிடும்.

"சரியான நேரத்துக்கு வந்தே. கண்ணு தெரியல, இதைக் கொஞ்சம் கோத்துக் கொடு" என்று ஒரு ஊசியையும் நூலையும் நீட்டினார்.

அப்போதுதான் அவள் மேசையைப் பார்த்தாள். ஜன்னலோர நாற்காலியிலிருந்து எழுந்து வந்த புதியவள், கையை மேசை மேல் மலர்த்தாமல் கவிழ்த்து வைத்துக்கொண்டு நின்றாள். பெருவிரலின் கடைசி மூட்டுக்கு அருகே சின்னதாக ஒரு மினுமினுப்பு. கொப்புளமாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். பார்த்த மாத்திரத்தில் சொல்ல காஜாக்காவுக்குத் தெரியாது. மாஸ்டருக்கும் தெரியாது. தெரியாது என்பதுகூடத் தெரியாமல் அவர் ஊசியை நீட்டிக்கொண்டு நின்றார்.

அவள் வலது கையால் ஊசியை வாங்கினாள். நூலை வாங்கவில்லை.

"கையை எடும்மா" என்றாள் புதியவளிடம். "ஆஸ்பத்திரியில கைக்குன்னு தனியா டாக்டர் இருக்காங்க. எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், நான் கூட்டிட்டுப் போறேன்."

"அட, சின்னக் கொப்புளம். அரை நிமிஷம்" என்றார் மாஸ்டர்.

"எனக்கும் அரை நிமிஷம்தான் மாஸ்டர். என் விரல்ல நூல் கோத்தது நீங்க. மூட்டுல சீழ் பிடிச்சு, ரெண்டு தடவை அறுத்தாங்க."

மாஸ்டர் சிரிக்கப் பார்த்தார். அளவு கொடுக்க வந்தவர்களைப் பார்த்தார். "நல்லதுக்குத்தானே செஞ்சேன். இப்ப எதுக்கு அதை, ஆளுங்க இருக்கும்போது?"

"அன்னைக்கும் ஆளுங்க இருந்தாங்க. அந்தக் கோட்டு கறையானது என் அழுக்குக் கையால இல்ல. எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதை நீங்க சொல்லணும்."

தையல் எந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. புதியவள் மேசையிலிருந்து கையை எடுத்து மற்றக் கைக்குள் பொத்திக்கொண்டாள். வாசலில் நின்ற தங்கை ஒரு படி உள்ளே ஏறி வந்தாள். மாஸ்டரின் விரல்களில் அவள் வாங்காத நூலின் முனை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

கைக்குட்டை எப்போதோ நழுவிக் கீழே விழுந்திருந்தது. டாக்டரம்மா சொன்னபடி கை நெஞ்சுக்கு மேலேயே இருந்தது. தகட்டில் கட்டிய விரல் மாஸ்டருக்கு நேராக நீண்டிருந்தது. அளவு கொடுக்க வந்தவர்கள் விரலைப் பார்த்து, அது காட்டிய பக்கம் பார்த்தார்கள். காஜாக்கா அதை மூடவில்லை. மாஸ்டர் எதையோ தேடுகிறவர் போல மேசைக்கு இடப்பக்கமாக ஒதுங்கினார்.

விரலும் கூடவே திரும்பியது.